கோபுரம் நிமிர்ந்தது, கம்பம் சரிந்தது

தங்கச்சியின் மகள் தரம் 10 படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணிதக் கண்காட்சி வருகிறதாம். "நம்ம ஊர்க் கோணங்கள்" என்று தலைப்புப் போட்டு 12 படம் ஒட்ட வேண்டுமாம். "மாமாட்ட கமரா இரிக்குதானே" என்று தானே முடிவெடுத்து, டீச்சரிடம் பெயரும் கொடுத்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள். கலியாண வீட்டுப் படம் எடுத்துப் பழகிய கை என்னுடையது. ஆட்களைச் சிரிக்கச் சொல்லலாம், சுவரிடம் என்ன சொல்வது? இருந்தாலும் அசையாமல் நிற்கிற கட்டடங்கள்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று ஒத்துக்கொண்டேன். கடைசியில் மூன்று ஞாயிறும் ஒரு வாளித் தண்ணீரும் தேவைப்பட்டன.

கையில் இருந்தவை இவ்வளவுதான்: பழையதாக வாங்கிய கனன் 700டி, அதோடு வந்த 18-55 மிமீ லென்ஸ், ஒரு கால் சரியாகப் பூட்டாத ஸ்டாண்ட், அவளுடைய போன். பிறகு மச்சானின் மேசன் பையிலிருந்தும் சில சாமான்கள் சேர்ந்தன. சொல்லப்போனால் வேலையைக் காப்பாற்றியவை அவைதான்.

முதல் ஞாயிறு

செப்டம்பர் முதல் வாரம். காலையில் அவளுக்கு வகுப்பு. முடிந்து வந்து, சாப்பிடாமல் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவுக்கு ஓடி, கோட்டை வாசலில் சொல்லிவிட்டு உள்ளே போகும்போது நண்பகல் 12 மணி. ஒல்லாந்தர் கோட்டை என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் 1628இல் அதைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். பத்து வருஷம் கழித்து, 1638 மே மாதம் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். நாலு மூலைக்கும் வெளியே கூராக நீட்டிக்கொண்டு நிற்கிற நாலு கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. கோணம் தேடுகிற ஆளுக்கு மட்டக்களப்பில் இதைவிட நல்ல இடம் கிடையாது என்று நினைத்தேன்.

நாற்பது படம் எடுத்தோம். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றிலும் மூலை இல்லை. சுவர் இருக்கிறது, அதன் சொரசொரப்பு பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது, வானம் வெளுத்த சாரம் மாதிரி மேலே கிடக்கிறது. ஆனால் கொத்தளத்தின் இரண்டு முகமும் சேர்கிற அந்தக் கோடு எங்கே? இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிப்போய், மடித்த கடதாசியை இஸ்திரி போட்டு விரித்தது போல இருந்தது.

கமராவைக் குறை சொல்லிக்கொண்டே இரவு முழுக்க யோசித்தேன். காரணம் தலைக்கு மேலேயே இருந்தது. மட்டக்களப்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே சுமார் 7.7 பாகையில் இருக்கிறது. சூரியன் வருஷத்தில் இரண்டு தரம் நமக்கு உச்சந்தலைக்கு நேரே வரும், ஒன்று ஏப்ரல் 9ஐ ஒட்டி, மற்றது செப்டம்பர் 2ஐ ஒட்டி. வேண்டுமென்று நாள் பார்த்தது போல, அந்த வாரத்தில், அந்த நேரத்தில்தான் நாங்கள் போய் நின்றிருக்கிறோம். வெளிச்சம் மேலிருந்து நேரே இறங்கும்போது கிழக்குச் சுவர், வடக்குச் சுவர் என்ற பாகுபாடு அதற்கு இல்லை. எல்லாச் சுவரையும் ஒரே மாதிரி உரசிக்கொண்டு போகும். அதனால் சொரசொரப்பு எழும்பித் தெரிகிறது, மூலை மறைந்துபோகிறது. கையால் தடவினால் மூலை இருக்கும். படத்தில் அது இருக்க வேண்டுமானால் ஒரு முகம் வெயிலிலும் மற்றது நிழலிலும் நிற்க வேண்டும்.

நாற்பதையும் அழித்தேன்.

இரண்டாம் ஞாயிறு

இந்த முறை வகுப்பை விட்டுவிடச் சொல்லி, தங்கச்சியிடம் அதற்குப் பேச்சும் வாங்கிக்கொண்டு, காலை 7 மணிக்கே கோட்டையில் நின்றோம். அதே கொத்தளம், அதே இடம். இப்போது ஒரு முகம் மஞ்சளாக எரிகிறது, பக்கத்து முகம் நீலம் கலந்த கறுப்பு. நடுவே கத்தியால் கீறினது போல ஒரு கோடு. "மாமா, இது போன கிழமையும் இங்கதான் இருந்ததா?" என்று கேட்டாள்.

என் கமராவில் லென்ஸ் திறப்பை எஃப்8, ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100 என்று வைத்து, வெயில் விழுகிற முகத்துக்கு வெளிச்ச அளவு எடுத்தேன். நிழல் முகம் கறுத்தால் கறுக்கட்டும் என்று விட்டேன். அவளுடைய போனில் மட்டும் மூலை மறுபடியும் மங்கியது. இந்தக் காலத்துப் போன்கள் ஒரு தட்டுக்குப் பல படம் எடுத்து, இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை அமுக்கி, எல்லாவற்றையும் சமன் செய்து ஒன்றாகக் கொடுக்கின்றன. மணமேடையில் மாப்பிள்ளையின் முகத்துக்கு அது நல்லது. எங்களுக்கு வேண்டியதோ அந்த ஏற்றத்தாழ்வேதான். திரையில் வெளிச்ச முகத்தை விரலால் அழுத்திப் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்ததும் சரி வந்தது. எல்லாவற்றையும் நாமே கையால் அமைக்கிற ப்ரோ மோட் உள்ள போன் என்றால் அதில் எடுப்பது இன்னும் நல்லது.

அகழிப் பக்கம் நின்றுகொண்டு, ஏன் இப்படிக் கூராகக் கட்டினார்கள் என்று கேட்டாள். வட்டக் கோபுரம் கட்டினால் அதன் நெற்றிக்கு நேர் கீழே ஒரு துண்டு நிலம் கோட்டைக்குள் இருப்பவர்கள் யார் கண்ணிலும் படாது, எதிரி அங்கே வந்து ஒட்டிக்கொண்டால் சுட முடியாது. கூராகக் கட்டினால் ஒரு கொத்தளத்தின் முகத்தை அடுத்த கொத்தளத்திலிருந்து நேர்கோட்டில் பார்த்துச் சுடலாம். பீரங்கி வந்த பிறகு ஐரோப்பாக்காரர் கோட்டைகளையெல்லாம் கூர் வைத்துக் கட்டத் தொடங்கியது இதற்காகத்தான். அவள் அதை உடனே கொப்பியில் வட்டமும் தொடுகோடும் போட்டு வரைந்துவிட்டாள். நான் சொன்னதைவிட அந்தப் படத்தில் தெளிவு.

கூடவே ஒரு சிக்கலும் வந்தது. அவள் பாகைமானியைப் போன் திரையில் வைத்துக் கொத்தளத்தின் கோணத்தை அளந்தாள். நாலடி தள்ளி நின்று எடுத்த அடுத்த படத்தில் வேறு அளவு வந்தது. கொப்பியை வாங்கி அவள் முன்னால் நேரே பிடித்தேன்: மூலை 90 பாகை. அதையே மேசையில் விரித்து வைத்தது போலப் படுக்கையாகச் சாய்த்தேன்: அதே மூலை இப்போது விரிகோணமாகத் தெரிகிறது. கமராவுக்கு முன்னால் ஒரு தளம் நேருக்கு நேராக நின்றால்தான் படத்தில் உண்மையான கோணம் விழும். மற்றபடி விழுவது நாம் நின்ற இடத்தின் கோணம். அதனால் படங்களுக்குக் கீழே "கோணம்" என்று போடாமல் "படத்தில் தெரியும் கோணம்" என்று எழுதுவதாக முடிவாயிற்று.

பின்னேரம் கல்லடிப் பாலம். பழைய இரும்புப் பாலத்துக்கு, 1918 முதல் 1925 வரை இலங்கையில் ஆளுநராக இருந்த மானிங் என்பவரின் மனைவி பெயரை வைத்தார்கள், லேடி மானிங் பாலம் என்று. 2013இல் திறந்த புதுப் பாலம் பக்கத்திலேயே ஓடுவதால், புதுப் பாலத்தின் நடைபாதையில் நின்று பழையதைப் பக்கவாட்டில் எடுக்கலாம். இரும்புச் சட்டங்களின் முக்கோணங்கள் வரிசையாகக் கிடைக்கும். ஆனால் பாலத்துக்கு இரண்டு விலா உண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கொஞ்சம் சரிந்து நின்றாலும் பின் விலாவின் சட்டங்கள் முன் விலாவின் முக்கோணங்களுக்குள் புகுந்து பாய் பின்னியது போலக் குழப்பிவிடும். ஒரு முக்கோணத்துக்கு நேரே நின்று, ஒவ்வோர் அடியாக இடமும் வலமும் நகர்ந்து, பின்சட்டம் முன்சட்டத்துக்குப் பின்னால் ஒளிகிற புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து மூச்சைப் பிடித்தால், பின்னால் ஒரு பஸ் போகும், பாலம் அதிரும், படம் கலங்கும். ஷட்டர் வேகத்தை 1/500 செக்கனுக்குக் குறையாமல் வைத்த பிறகுதான் நேர் கோடு நேர் கோடாக வந்தது.

ஏன் முக்கோணம் என்பதற்கு அவளே விடை கொண்டுவந்தாள். நாலு ஈர்க்கிலை ரப்பர் வளையத்தால் கட்டிச் சதுரம் செய்து அமுக்கினாள், சரிந்து சாய்சதுரம் ஆனது. மூன்று ஈர்க்கிலைக் கட்டி அமுக்கினாள், ஈர்க்கில் வளைந்ததே தவிர வடிவம் மாறவில்லை. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அதை வாங்கித் தானும் அமுக்கிப் பார்த்தார். மீன் பாடுவதைக் கேட்க வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இரும்பைப் படமெடுக்க வருகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

இருட்டுமுன் காந்திப் பூங்காவில் காந்தி சிலை. சிலைகள் இந்தத் தலைப்புக்கு அவ்வளவு ஒத்துவருவதில்லை. தோள், தலை, துணியின் மடிப்பு என்று எல்லாம் வளைவு. வெளுத்த வானத்துக்கு எதிரே எடுத்தால் முகமும் கரிக்கட்டை. வானத்தை மறந்து வெளிச்சத்தை ஒரு படி கூட்டி எடுத்த ஒன்று தேறியது. ஆனால் பீடத்தின் விளிம்பில் மாலை வெயில் விழுந்த படம்தான் பட்டியலில் சேர்ந்தது. சிலையைக் கும்பிட்டுவிட்டுப் பீடத்தைப் படமெடுத்த ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம். பாலமீன்மடு வெளிச்சவீட்டையும் சொன்னேன். "அது உருண்டை மாமா" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டாள்.

மூன்றாம் ஞாயிறு

கல்லடிக் கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் ஆலயம். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது அதன் சிறிய வண்ணக் கோபுரம் விழாமல் சாய்ந்து நின்றுவிட்டது. அன்று ஆளை இழக்காத வீடு அந்தப் பக்கம் குறைவு. அதனால் அந்தக் கோபுரத்தை வேடிக்கைப் பொருளாக எடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் "நம்ம ஊர்க் கோணங்கள்" என்று போட்டுவிட்டு அதை விட்டுவிடவும் முடியாது. எடுத்தால் சரியாக எடுக்க வேண்டும்.

முந்தின கிழமையே அவள் போனில் ஒன்று எடுத்து, ஆப்பில் "தானாகத் திருத்து" என்று இருந்ததை அமுக்கி எனக்கு அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு குரல் செய்தி: "மாமா, கோபுரம் நிமிந்திட்டு. பக்கத்து லைட் கம்பம் சரிஞ்சிட்டு!" சிரித்தேன், பிறகு யோசித்தேன். அந்த ஆப் படத்தில் நீளமான நேர் விளிம்புகளைத் தேடும். ஏறக்குறையச் செங்குத்தாக இருப்பவற்றையெல்லாம் செங்குத்தாகத்தான் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு மொத்தப் படத்தையும் திருப்பும். படத்தில் பெரிய விளிம்பு கோபுரத்துடையது. ஆகவே கடல் சாய்த்ததை அது நிமிர்த்திவிட்டது, நிமிர்ந்து நின்ற கம்பத்தைச் சாய்த்துவிட்டது.

திருத்தாமல் விட்டால்? அதுவும் பொய்தான். கமராவை மேலே தூக்கி எடுத்தால் எந்தக் கட்டடமும் மேலே போகப் போகக் குறுகிப் பின்னால் சாய்வது போல விழும். கோபுரமோ இயல்பாகவே மேலே குறுகுகிற உருவம். கோபுரத்தின் குறுகல், கடல் கொடுத்த சாய்வு, கமரா தூக்கிய சாய்வு என்று மூன்றும் கலந்தால் எது எது என்று பிரிக்க முடியாது. முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதை மட்டும் கழிக்க வேண்டும்.

கமராவைத் தூக்காமல் எடுக்க ஒரே வழி பின்னால் போவது. நெடுக்காகப் பிடித்து 18 மிமீயில் மட்டமாக எடுத்தால், கண் மட்டத்துக்கு மேலே உள்ள உயரத்தைப்போல் சுமார் 1.6 மடங்கு தூரம் பின்னால் போக வேண்டும். 28 மீட்டர் வெளிச்சவீட்டுக்கு 43 மீட்டர் என்று வரும். இந்தக் கோபுரம் சின்னது, இடமும் இருந்ததால் இன்னும் பின்னால் போய் 35 மிமீ வைத்தேன். 18இல் விளிம்புக் கோடுகள் வெளியே பிதுங்கும், 35இல் அந்தத் தொல்லை குறைவு. மட்டம் பார்க்க, ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் செருகுகிற சின்னக் குமிழ் லெவல். அதைவிட நல்ல லெவல் எதிரே இருந்தது. கடல் தெரிகிற பக்கம் நின்றால், தொடுவானம் படத்தின் சரிபாதியில் விழும்வரை கமராவை ஆட்டினால் போதும். பாதியில் விழுந்தால் கமரா மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. கோடு சரியாமல் இருந்தால் பக்கவாட்டிலும் சரி.

ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு ஒரு சாட்சி வேண்டும். கம்பம் நேராக நிற்கிறது என்று யார் சொன்னார்கள்? மச்சானிடம் கேட்டபோது பையைத் துழாவி ஒரு பித்தளைத் தூக்குக்குண்டை எடுத்துத் தந்தார். "சுவர் பொய் சொல்லும், கம்பம் பொய் சொல்லும், இது சொல்லாது."

முக்கால் அங்குலப் பிவிசி குழாய் இரண்டு மீட்டரும் கொஞ்சமும், மேலே ஓர் எல்போ, அதில் ஓரடித் துண்டு. குழாயை மணலில் ஓரடி புதைத்து, கைத்துண்டின் நுனியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டோம். குழாய் கோணலாக நின்றாலும் பரவாயில்லை, நூல் நேராகத் தொங்கினால் சரி.

தொங்கவில்லை. கடற்காற்றில் குண்டு மணிக்கூட்டின் ஊசல் போல ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து குண்டை அதற்குள் முங்கவிட்டதும் ஆட்டம் நின்றது. வாளியின் அடியிலும் பக்கத்திலும் குண்டு முட்டக்கூடாது, அவ்வளவுதான். அடுத்தது நூல். மேசன் நூல் வெள்ளை, வானமும் வெள்ளை. கறுப்புத் தைப்பு நூல் போட்டால் படத்தில் ஒரு புள்ளி அகலம்கூட இல்லை, காணாமலே போனது. கடைசியில் அவளுடைய கைப்பணிப் பெட்டியில் கிடந்த கறுப்புக் கம்பளி நூல் கைகொடுத்தது. தடிப்பாக இருப்பதால் அது காற்றைப் பிடித்து வயிறு தள்ளியது. காற்று ஓய்கிற நொடிக்குக் காத்திருந்து பத்துப் படத்தில் ஒன்றைப் பொறுக்கினேன். விடியற்காலையில் போயிருந்தால் காற்றுக் குறைவாக இருந்திருக்கும், அடுத்த முறைக்கு அது பாடம்.

நூலும் கூர்மையாக வேண்டும், கோபுரமும் கூர்மையாக வேண்டும். 35 மிமீ, எஃப்11, ஃபோகஸை 6 மீட்டரில் நிறுத்தினால் இந்தக் கமராவில் 3 மீட்டரிலிருந்து தொடுவானம்வரை தெளிவாக இருக்கும். நூலை 4 மீட்டர் தள்ளி நட்டோம். இடையிடையே லென்ஸ் மங்கலாகிக்கொண்டே வந்தது. துடைத்தால் பிசுபிசுப்பு, உப்பு. உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறும் என்பதால், முன்னால் போட்டிருந்த ஃபில்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசித் துடைத்தேன்.

மூன்று இடத்திலிருந்து எடுத்தோம். மடிகணினியில் போட்டு, நூலுக்கும் கோபுரத்துக்கும் இடையே அவள் பாகைமானி வைத்தாள். கோபுரத்தின் இரண்டு பக்க விளிம்பையும் மேலே நீட்டி, அவை சந்திக்கிற கோணத்தை இரண்டாகப் பிரித்தால் நடு அச்சு கிடைக்கும். அந்த அச்சுக்கும் நூலுக்கும் உள்ள கோணம்தான் சாய்வு. இது முழுக்க அவளுடைய யோசனை. மூன்று படத்திலும் மூன்று அளவு. ஒன்றில் கோபுரம் ஏறக்குறைய நேராகவே நின்றது!

"எது மாமா சரி?"

பென்சிலை அவள் முகத்தை நோக்கிச் சாய்த்துக் காட்டினேன். நேராகத் தெரிகிறது. அதே பென்சிலைப் பக்கவாட்டில் சாய்த்தேன். முழுச் சாய்வும் தெரிகிறது. கோபுரம் சாய்கிற திசைக்குக் குறுக்கே நிற்கிறவனுக்குத்தான் முழுக் கோணமும் கிடைக்கும், மற்ற எல்லாருக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். ஆகவே மிகப் பெரிய அளவு எந்தப் படத்தில் வருகிறதோ அதுதான் உண்மைக்கு நெருக்கம். அந்த இடத்திலிருந்து கால்வட்டம் சுற்றிப் போனால் கோபுரம் நிமிர்ந்து தெரிய வேண்டும். தெரிந்தது. எத்தனை பாகை என்று நான் இங்கே எழுதவில்லை. வாளியும் கம்பளி நூலும் வைத்து எடுத்த கணக்கு கண்காட்சிக்குப் போதும், ஊருக்குச் சொல்லப் போதாது. பைசா கோபுரத்தை 1990இல் மூடி, பொறியியலாளர்கள் பத்து வருஷத்துக்கு மேல் அளந்து அளந்து வேலை செய்து, சுமார் ஐந்தரைப் பாகைச் சாய்வை நாலு பாகை அளவுக்குக் குறைத்து 2001இல் திறந்தார்கள். அங்கேயும் முழுக்க நிமிர்த்தவில்லை.

பிரிண்ட்

12 படத்தையும் ஒரு கடையில் 8×10 அளவில் கொடுத்தது என் பிழை. என் கமராப் படம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இருக்கும், அதற்கு 8×12 தான் பொருந்தும். 8×10இல் நீளப்பாட்டில் இரண்டு அங்குலம் போய்விடும். பாலத்தின் கடைசி முக்கோணம் போயிருந்தது. கோபுரப் படத்தைப் பார்த்தால் நூல் கொஞ்சம் சரிந்திருக்கிறது, கோபுரம் நெட்டுக்குத்தாக நிற்கிறது. கடைத் தம்பி நல்ல மனதோடு நிமிர்த்தித் தந்திருக்கிறார். "படம் கோணலா இருந்திச்சு அண்ணா, அதான் சரி பண்ணின." திரும்பக் கொடுத்தபோது கோப்பின் பெயரையே "நிமிர்த்த வேண்டாம்" என்று மாற்றிக் கொடுத்தேன்.

கண்காட்சியில் அவள் 13 படம் ஒட்டியிருந்தாள். நூல் தொங்குகிற படத்துக்குப் பக்கத்தில், கம்பம் சரிந்த அந்தப் பழைய போன் படத்தையும் வைத்திருந்தாள். கல்லடியிலிருந்து பேத்தியோடு வந்த ஒரு வயதான அம்மா மற்ற ஒன்றையும் பார்க்கவில்லை. போன் படத்துக்கு முன்னால் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நெடுநேரம் நின்றார்.

"எப்ப புள்ள நிமித்தின? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே."

"நிமித்தல்ல அம்மம்மா, அது போன் செஞ்ச வேல. இங்கால வாங்க, இந்த நூலப் பாருங்க" என்று அவரின் கையைப் பிடித்து அடுத்த படத்துக்குக் கூட்டிப்போனாள்.